ஸ்டோரில் ஓடும் பைத்தான் சர்வீஸ் நின்றுவிட்டால்: ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

கம்பத்திலிருந்து மலையேறிக் கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேடு, புற்றடி பக்கம் போனால் ஏலத்தோட்டங்களுக்கு நடுவே ஸ்டோர்கள் தெரியும். இங்கே ஸ்டோர் என்றால் கடை இல்லை, பச்சை ஏலக்காயை உலர்த்தும் கட்டடம். மாலையில் காயை ஏற்றி அடுப்பு மூட்டினால் விடிய விடிய ஓடும், சில நாள் மறுநாள் மாலை வரைக்கும்கூட. உள்ளே சூடு 45 முதல் 55 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கூடினால் பச்சை வெளுத்துவிடும், தோல் வெடிக்கும். போடியிலும் புற்றடியிலும் நடக்கும் ஏலத்தில் நிறத்துக்குத்தான் முதல் மரியாதை. ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்து ஒரு கிலோ ஆகிறது. ஒரு ராத்திரி சூடு தவறினால் எத்தனை பேர் எத்தனை நாள் குனிந்து எடுத்த காய் வீணாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் இப்போது சில ஸ்டோர்களில் ராஸ்ப்பெர்ரி பை என்ற ஒரு சிறிய கணினி, அதில் ஒரு வெப்பநிலை சென்சார், நிமிடத்துக்கு ஒருமுறை அளவைப் படித்து எல்லை மீறினால் போனுக்குச் செய்தி அனுப்பும் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் என்று வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட பெட்டிகளை நான் பெரும்பாலும் கம்பத்தில் உட்கார்ந்துகொண்டு போனில் பேசியே சரி செய்கிறேன். மறுமுனையில் இருப்பவர் முதல் ஸ்கிரிப்ட்டை இப்போதுதான் எழுதிய தம்பியாகவோ, அதைக்கூட எழுதாத ஸ்டோர்க்காரராகவோ இருப்பார். அவர்களிடம் மறுபடி மறுபடி சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் சர்வீஸ் ஸ்டோரைப் பார்க்காமல் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாலும் வழி இதேதான். லினக்ஸும், அதில் சர்வீஸ்களை, அதாவது பின்னணியில் ஓடும் நிரல்களை, தொடங்கி நிறுத்திப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டியும் இருந்தால் போதும்.

கட்டளைகளைப் போனில் சொல்வது போல உச்சரிப்பிலேயே எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். சர்வீஸின் பெயர் ‘ஸ்டோர்டெம்ப்’ என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் பிளக்கைப் பிடுங்காதீர்கள்

செய்தி வரவில்லை என்றதும் எல்லாரும் செய்வது பிளக்கைப் பிடுங்கி மாட்டுவது. பெரும்பாலும் ஓடவும் ஆரம்பித்துவிடும். அதுதான் சிக்கல். எதனால் நின்றது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியை நாம் அழித்துவிட்டோம். பதிவுகள் நினைவகத்தில் மட்டும் இருந்தால் மின்சாரத்தோடு போய்விடும். ஸ்கிரிப்ட் ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தால், எந்த வரியில் நின்றது என்பதும் போய்விடும். வண்டன்மேடு பக்கம் ஒரு ஸ்டோரில் மூன்று ராத்திரி தொடர்ந்து இப்படி நடந்தது. ஒவ்வொரு முறையும் அந்தத் தம்பி பிளக்கைப் பிடுங்கி மாட்டினார். நாலாவது ராத்திரி அஞ்சு நிமிஷம் பொறுக்கச் சொன்னேன். விடை இரண்டு வரியில் அங்கேயே இருந்தது.

அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறதா? அப்படியானால் பெட்டியைத் தொடுவதற்கு முன் ஒருவரைக் கைத் தெர்மாமீட்டரோடு ஸ்டோருக்குள் அனுப்புங்கள். காய்க்குக் காவல் போட்ட பிறகு கணினியைப் பார்க்கலாம். அவசரம் போய்விட்டால் பார்வை தானாகத் தெளியும்.

இருக்கிறதா, செத்துவிட்டதா, செத்துச் செத்துப் பிழைக்கிறதா

சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் ஸ்டோர்டெம்ப் என்று தட்டுங்கள். ‘ஆக்டிவ்’ என்று ஆரம்பிக்கும் வரியைப் பாருங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்று வரும்.

‘ரன்னிங்’ என்றால் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடியும் செய்தி வரவில்லை என்றால் அது வேறு கதை, கீழே வருகிறேன். ‘ஃபெயில்டு’ என்றால் நின்றுவிட்டது. ‘ஆக்டிவேட்டிங், ஆட்டோ ரீஸ்டார்ட்’ என்றால் ஆரம்பித்த உடனே விழுந்து, சிஸ்டம்டி மறுபடி தூக்கி நிறுத்தி, மறுபடி விழுந்துகொண்டிருக்கிறது.

ஃபெயில்டு என்றால் அருகிலேயே ஓர் எண் இருக்கும். 1 என்றால் பெரும்பாலும் பைத்தான் ஆரம்பித்து, உள்ளே ஏதோ பிழையால் விழுந்திருக்கிறது. நல்ல செய்தி, காரணத்தை அதுவே எழுதி வைத்திருக்கும். ஆனால் 200, 203, 217 ஆகிய மூன்றும் வந்தால் உங்கள் ஸ்கிரிப்ட்டின் ஒரு வரிகூட ஓடவில்லை என்று அர்த்தம். 200 என்றால் நீங்கள் குறிப்பிட்ட வேலை அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) போக முடியவில்லை, பெரும்பாலும் அப்படி ஓர் அடைவே இருக்காது. 217 என்றால் நீங்கள் எழுதிய பயனர் பெயர் அந்தக் கணினியில் இல்லை. 203 என்றால் ஓட்டச் சொன்ன நிரலை ஓட்ட முடியவில்லை: பாதை தப்பு, அல்லது இயக்கும் அனுமதி இல்லை. கோப்பு கண் முன்னால் இருந்தும் 203 வருகிறதா? விண்டோஸில் திருத்தி பென் டிரைவில் கொண்டுவந்தீர்களா என்று பாருங்கள். விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு கண்ணுக்குத் தெரியாத எழுத்தைச் சேர்க்கிறது. ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் எழுதிய பைத்தானின் பெயரோடு அது ஒட்டிக்கொண்டால், அந்தப் பெயரில் நிரலே இல்லை என்று லினக்ஸ் கை விரித்துவிடும். இந்த வரி முடிவுக் கோளாறு தவிர, மூன்று எண்களுக்கும் பைத்தான் கோப்பைத் திறந்து தேடுவது வீண் வேலை. எதை எப்படி ஓட்டுவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் சர்வீஸ் கோப்பில் தேடுங்கள்.

9, கூடவே ‘கில்’ என்று வந்தால் யாரோ வெளியிலிருந்து கொன்றிருக்கிறார்கள். நினைவகம் தீர்ந்துபோய் லினக்ஸின் உட்கருவான கெர்னல் கொன்றதா என்று பார்க்க டிமெஸ்ஜி (டி, எம், இ, எஸ், ஜி) என்பதில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று தேடுங்கள்.

ட்ரேஸ்பேக்கைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள்

இப்போது ஜர்னல்சிடிஎல் மைனஸ் யூ ஸ்டோர்டெம்ப் மைனஸ் என் 50. கடைசி ஐம்பது வரிகள் வரும். பைத்தான் விழுந்திருந்தால் அதில் ‘ட்ரேஸ்பேக்’ என்று ஆரம்பிக்கும் ஒரு நீண்ட பகுதி இருக்கும். புதியவர்கள் இதைப் பார்த்ததும் பயந்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பிக்கிறார்கள், மூன்றாவது வரியில் விட்டுவிடுகிறார்கள். அதன் தலைப்பிலேயே ‘கடைசியாக அழைத்தது கடைசியில்’ என்று எழுதியிருக்கிறது. ஆகவே கடைசி வரியை முதலில் படியுங்கள். பிழையின் வகையும், பக்கத்தில் காரணமும் அங்கேதான் இருக்கும்.

அதற்கு மேலே இரண்டு மூன்று வரிகளாகக் கோப்பின் பெயரும் வரி எண்ணும் வரும். அவற்றில் பல நீங்கள் எழுதாத நூலகக் கோப்புகளாக இருக்கும். அவற்றை விட்டுவிடுங்கள். கீழிருந்து மேலே போகும்போது நீங்கள் எழுதிய கோப்பின் பெயர் முதலில் எங்கே வருகிறதோ, அந்த வரி எண்ணில் விரலை வையுங்கள். பத்தில் எட்டு முறை வேலை அங்கேயே முடிந்துவிடும், இது என் அனுபவம்.

சில சமயம் இரண்டு ட்ரேஸ்பேக் ஒன்றின்கீழ் ஒன்றாக வரும், நடுவில் ‘மேலே உள்ள பிழையைக் கையாளும்போது இன்னொரு பிழை’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வாக்கியம் இருக்கும். அப்போது மட்டும் மேலே உள்ளதன் கடைசி வரியையும் படியுங்கள். உண்மையான நோய் அங்கே இருக்கும். கீழே உள்ளது மருந்து கொடுக்கப் போன இடத்தில் விழுந்தது.

அடிக்கடி வரும் எண்களை மனப்பாடமே செய்துகொள்ளலாம். எர்நோ (பிழை எண்) 2: கோப்பு இல்லை. 13: அனுமதி இல்லை. 24: திறந்த கோப்புகள் அளவு மீறிவிட்டன, எங்கேயோ திறந்து மூடாமல் விட்டிருக்கிறீர்கள். 28: இடம் தீர்ந்துவிட்டது. 30: அட்டை படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விட்டது, பெரும்பாலும் மெமரி கார்டு சாகத் தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளம். 30 வந்த அன்றே புதுக் கார்டு வாங்குங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

லாக்கில் ஒன்றுமே இல்லையா? நீங்கள் பிரிண்ட் போட்டிருந்தும் ஒரு வரிகூட வரவில்லையா? பைத்தான் தன் வெளியீட்டைத் திரைக்கு அனுப்பும்போது வரிக்கு வரி அனுப்பும். திரை இல்லாத இடத்தில், அதாவது சர்வீஸாக ஓடும்போது, ஏறக்குறைய 8 கிலோபைட் சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்பும். நிமிடத்துக்கு ஒரு சிறிய வரி எழுதும் ஸ்கிரிப்ட்டுக்கு அது நிறைய மணி நேரம் ஆகிவிடும். நடுவில் கொல்லப்பட்டால் சேர்த்து வைத்தது அத்தனையும் போச்சு. ஓட்டும் வரியில் பைத்தானுக்குப் பின்னால் மைனஸ் யூ சேர்த்தால் உடனுக்குடன் வரும். அதைவிட நல்லது, பிரிண்ட்டை விட்டுவிட்டு லாகிங் தொகுதிக்கு மாறுவது.

மின்சாரம் போனதும் பழைய பதிவு காணாமல் போகிறதென்றால், பதிவுகளை வைத்துக்கொள்ளும் ஜர்னல்டியின் அமைப்புக் கோப்பில் ஸ்டோரேஜ் என்பதைப் ‘பெர்சிஸ்டன்ட்’ என்று மாற்றுங்கள். கூடவே சிஸ்டம்மேக்ஸ்யூஸ் என்பதில் 50 மெகாபைட் போல ஓர் எல்லை வையுங்கள், கார்டு நிரம்பாது. அதற்கப்புறம் ஜர்னல்சிடிஎல் மைனஸ் பி மைனஸ் 1 என்றால் போன முறை ஓடியபோது நடந்தது தெரியும். இதை முதல் நாளே செய்து வைப்பது உத்தமம்.

‘கையால ஓட்டுனா ஓடுதுண்ணே’

எனக்கு வரும் போன்களில் பாதி இதுதான்.

“அண்ணே, சர்வீஸா போட்டா விழுந்துருதுண்ணே. நானே கையால ஓட்டுனா நல்லா ஓடுது.”

“ரெண்டும் ஒண்ணு இல்ல தம்பி. நீ எந்தப் பேர்ல லாகின் பண்ணிருக்க? எந்த அடைவுல நிக்கிற?”

அவர் சொல்லும்போதே பாதி விடை வந்துவிடும். நீங்கள் டெர்மினலில் ஓட்டும்போது உங்கள் பெயர், நீங்கள் நிற்கும் அடைவு, உங்கள் சூழல் மாறிகள், நீங்கள் இயக்கி வைத்த வர்ச்சுவல் என்வைரன்மென்ட் (ஸ்கிரிப்ட்டுக்கென்று தனியாக வைத்த பைத்தானும் நூலகங்களும்) எல்லாம் கூடவே வருகின்றன. சிஸ்டம்டி ஓட்டும்போது இவற்றில் ஒன்றும் வராது. நம் வீட்டுப் பிள்ளையை வெளியூருக்கு வேலைக்கு அனுப்புவது போல. என்ன வேண்டுமோ அத்தனையும் பெட்டியில் வைத்துக் கொடுத்தால்தான் உண்டு.

அடைவிலிருந்து தொடங்குகிறேன். சிஸ்டம் சர்வீஸ் ஒன்று வேறு எதுவும் சொல்லாவிட்டால் எல்லா அடைவுகளுக்கும் மேலே உள்ள வேர் அடைவில் நின்றுகொண்டு ஓடும். உங்கள் ஸ்கிரிப்ட்டில் ‘அளவுகள் டாட் சிஎஸ்வி’ என்று வெறும் பெயரை எழுதியிருந்தால், அது வேர் அடைவில் அந்தக் கோப்பைத் தேடும். எர்நோ 2 வரும். சர்வீஸ் கோப்பில் வொர்க்கிங்டைரக்டரி வரியைச் சேர்ப்பது ஒரு வழி. நான் ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே முழுப் பாதை எழுதச் சொல்வேன். யார் எங்கிருந்து ஓட்டினாலும் அப்போது ஒரே கோப்புதான்.

அடுத்தது பெயர். யூசர் வரி இல்லாவிட்டால் சிஸ்டம் சர்வீஸ் ரூட்டாக, அதாவது எல்லா உரிமையும் உள்ள பயனராக, ஓடும். முதல் வாரம் ரூட்டாக ஓடி, ரூட்டுக்குச் சொந்தமாக ஒரு லாக் கோப்பை உண்டாக்கிவிடும். பிறகு யாரோ நல்ல புத்தி சொல்லி நீங்கள் யூசர் வரியைச் சேர்ப்பீர்கள். அந்தச் சாதாரணப் பயனரால் ரூட்டின் கோப்பில் எழுத முடியாது, எர்நோ 13. நீங்கள் செய்தது சரிதான், மிச்சம் இருப்பது பழைய கோப்பின் உரிமையாளரை மாற்றுவது மட்டுமே. இதற்குப் பயந்து மறுபடி ரூட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். ராஸ்ப்பெர்ரி பையில் பின்களைத் தொடும் ஸ்கிரிப்ட் என்றால் அந்தப் பயனர் ஜிபிஐஓ குழுவில் இருக்க வேண்டும், சீரியல் போர்ட் என்றால் டயல்அவுட் குழுவில்.

‘மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர்’ வந்தால் வேறு பைத்தான் ஓடுகிறது என்று அர்த்தம். 2023இல் வந்த டெபியன் 12 முதல், கணினிக்குப் பொதுவான பைத்தானில் பிப் என்ற கருவி கொண்டு நூலகங்களை நேரடியாக நிறுவ விடுவதில்லை. வர்ச்சுவல் என்வைரன்மென்ட் போடச் சொல்கிறது. நீங்களும் போட்டீர்கள், இயக்கினீர்கள், நிறுவினீர்கள், ஓடியது. ஆனால் சர்வீஸ் கோப்பில் கணினியின் பொதுப் பைத்தானை எழுதியிருக்கிறீர்கள், அதற்கு உங்கள் நூலகம் தெரியாது. அந்த என்வைரன்மென்ட் அடைவுக்குள் பின் (பி, ஐ, என்) என்ற உள் அடைவில் ஒரு பைத்தான் இருக்கும். எக்ஸிக்ஸ்டார்ட் வரியில் அதன் முழுப் பாதையை எழுதினால் போதும். ஆக்டிவேட் என்று தனியாக எதுவும் செய்யத் தேவையில்லை.

கடைசியாகச் சூழல் மாறிகள். செய்தி அனுப்பும் சேவையின் ரகசியச் சாவியைப் பலர், டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் பாஷ்ஆர்சி கோப்பில் வைக்கிறார்கள். சிஸ்டம்டி அதைத் திறந்துகூடப் பார்க்காது. ‘கீஎரர்’ என்று விழும். சாவியைத் தனிக் கோப்பில் வைத்து, என்வைரன்மென்ட்ஃபைல் வரியில் அதன் பாதையைக் கொடுத்து, மற்றவர் படிக்க முடியாதபடி அனுமதியைக் குறையுங்கள்.

இந்த நான்கில் எது என்று தெரியவில்லையா? சர்வீஸ் ஓடுவது போலவே நீங்களும் ஓட்டிப் பாருங்கள். வேர் அடைவுக்குப் போய், சுடோ மைனஸ் யூ என்று சர்வீஸின் பயனர் பெயர், அதன்பின் என்வ் மைனஸ் ஐ, அதன்பின் பைத்தானின் முழுப் பாதை, ஸ்கிரிப்ட்டின் முழுப் பாதை. என்வ் மைனஸ் ஐ உங்கள் சூழல் முழுவதையும் கழற்றி வைத்துவிடும். ஜர்னலில் வந்த அதே பிழை இப்போது உங்கள் கண் முன்னால் வரும்.

சர்வீஸ் கோப்பைத் திருத்திய ஒவ்வொரு முறையும் சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பழைய கோப்பே ஓடும், நீங்கள் திருத்தியது எதுவும் பலிக்கவில்லை என்று இரண்டு மணி நேரம் போகும். சிஸ்டம்சிடிஎல் கேட் ஸ்டோர்டெம்ப் என்றால் எந்தக் கோப்பு எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்று தெரியும்.

கரண்ட் போய் வந்த பிறகு

மலைமேல் ஆடி மாதக் காற்றில் மரம் சாய்ந்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்ததும் பெட்டி தானே எழுந்து வேலையைத் தொடங்க வேண்டும். முதலில் சிஸ்டம்சிடிஎல் எனேபிள் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஸ்டார்ட் என்பது இப்போதைக்கு மட்டும், எனேபிள்தான் அடுத்த முறைக்கு.

எழுந்த உடனே ‘நேம் ரெசொல்யூஷன்’ பற்றிய பிழையோடு விழுகிறதென்றால் நெட் வருவதற்கு முன்பே ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கிவிட்டது. சர்வீஸ் கோப்பில் ஆஃப்டர், வாண்ட்ஸ் என்ற இரண்டு வரிகளிலும் நெட்வொர்க்-ஆன்லைன் டாட் டார்கெட்டைச் சேர்க்கச் சொல்வார்கள். சேருங்கள். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். மோடம் இணைந்திருக்கும், டவரில் நெட் இருக்காது. இந்த மலையில் அது அன்றாடம். நெட் இல்லாவிட்டாலும் அளவைப் படித்துக்கொண்டே இருக்கும்படியும், செய்தி மட்டும் பிறகு போகும்படியும் ஸ்கிரிப்ட்டை எழுதுவதுதான் நிலையான தீர்வு. ஸ்டோருக்குள்ளேயே ஒரு சைரன் இணைத்தால் நெட்டே தேவையில்லை.

கடிகாரத்தைப் பலர் நினைப்பதே இல்லை. ராஸ்ப்பெர்ரி பை 4 வரையிலான மாடல்களில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. 5இல் உண்டு, அதற்கும் பேட்டரி தனியாக வாங்கி மாட்ட வேண்டும். எழுந்ததும் முன்பு சேமித்த நேரத்திலிருந்து தொடங்கி, நெட் கிடைத்த பிறகு சரியான நேரத்துக்குத் தாவும். காய் இல்லாத மாதங்களில் பெட்டியை அணைத்து வைத்துவிட்டு, முதல் எடுப்புக்கு எடுத்து மாட்டினால் அது இன்னும் பழைய சீசனிலேயே இருக்கும். அந்த நேரத்தில் செய்தி அனுப்ப முயன்றால் ‘சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்ற பொருளில் எஸ்எஸ்எல் பிழை வரும். நடுவில் சேவையின் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டிருக்கும், பெட்டியின் கணக்கில் அந்தத் தேதி இன்னும் பிறக்கவில்லை. சரிபார்ப்பையே அணைத்துவிடு என்று இணையத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். செய்யாதீர்கள். டைம்டேட்சிடிஎல் என்று தட்டி நேரம் சரியாகும் வரை காத்திருங்கள். ஸ்கிரிப்ட்டுக்குள் ‘கடைசிச் செய்தி போய் எத்தனை நிமிடம்’ என்று கணக்கிட டைம் டாட் மோனோடானிக் பயன்படுத்துங்கள், கடிகாரம் தாவினாலும் அது தாவாது.

பவர் சப்ளையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பை 4க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். கையில் கிடைத்த பழைய போன் சார்ஜரை மாட்டினால் காரணமே புரியாத பிழைகளாக வரும். விசிஜென்சிஎம்டி கெட் அண்டர்ஸ்கோர் த்ராட்டில்டு என்று கேளுங்கள். விடையில் எக்ஸ் என்ற எழுத்துக்குப் பின்னால் 0 வந்தால் நல்லது. 50005 வந்தால் இந்த நிமிடமே வோல்டேஜ் குறைவாக இருக்கிறது. 50000 என்றால் எழுந்த பிறகு எப்போதோ குறைந்திருக்கிறது. அதைச் சரி செய்யாமல் ஸ்கிரிப்ட்டைத் திருத்திப் பயன் இல்லை.

ஓடுகிறது, ஆனால் பேசவில்லை

எனக்குப் பயம் தருவது இதுதான். விழுந்த சர்வீஸ் விழுந்தேன் என்று சொல்லிவிடும். இது ‘ரன்னிங்’ என்றே காட்டும், பச்சைப் புள்ளியும் இருக்கும். உள்ளே சூடு 60 ஆனாலும் ஒரு செய்தி வராது.

முதல் சந்தேகம் முடிவில்லாத காத்திருப்பு. ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்துக்கு நீங்கள் டைம்அவுட் கொடுக்காவிட்டால் அது மறுமுனையின் பதிலுக்காக எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். டவர் பாதியில் அறுந்தால் அந்த வரியிலேயே விடியும்வரை நிற்கும். மேலே சொன்ன வண்டன்மேட்டு ஸ்டோரில் நடந்தது இதுவே. கடைசி லாக் வரி ‘செய்தி அனுப்புகிறேன்’, அதற்குமேல் மூன்று மணி நேரம் மௌனம். வலையைத் தொடும் ஒவ்வொரு அழைப்பிலும் 10 வினாடியோ 15 வினாடியோ டைம்அவுட் எழுதுங்கள். எந்த வரியில் நிற்கிறது என்று கண்டுபிடிக்க பை-ஸ்பை என்ற கருவி இருக்கிறது. சர்வீஸை நிறுத்தாமலே, டம்ப் என்ற கட்டளைக்குச் செயல்முறை எண்ணைக் கொடுத்தால், எந்தக் கோப்பில் எந்த வரியில் நிற்கிறது என்று காட்டிவிடும். அந்த எண் ஸ்டேட்டஸிலேயே ‘மெயின் பிஐடி’ என்று இருக்கும்.

இரண்டாவது, நாமே வாயைக் கட்டிவிட்டது. ட்ரை போட்டு, கீழே எக்ஸெப்ட் போட்டு, அதற்குள் பாஸ் என்று எழுதுவது. விழாமல் இருக்கிறது என்று மகிழ்ச்சியாக இருக்கும். உண்மையில் ஒவ்வொரு நிமிடமும் விழுந்துகொண்டே இருக்கிறது, நமக்குச் சொல்லவில்லை. பாஸ் இருக்கும் இடத்தில் லாகிங் டாட் எக்ஸெப்ஷன் எழுதுங்கள். ஓட்டம் நிற்காது, ட்ரேஸ்பேக் முழுவதும் பதிவாகும். எதிர்பார்க்கும் பிழையின் பெயரையும் எக்ஸெப்டோடு சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, த்ரெட், அதாவது ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் தனி ஓட்டம். அளவு படிப்பது ஒரு த்ரெட், செய்தி அனுப்புவது இன்னொன்று என்று பிரித்திருந்தால், ஒன்றில் பிழை வந்தால் அந்த த்ரெட் மட்டும் செத்துப்போகும். மெயின் த்ரெட் உயிரோடு இருப்பதால் சிஸ்டம்டிக்கு எல்லாம் நலம். ஜர்னலில் ட்ரேஸ்பேக் எப்போதோ ஒருமுறை வந்து மேலே போயிருக்கும். அதனால் ஐம்பது வரி போதாது, மைனஸ் மைனஸ் சின்ஸ் யெஸ்டர்டே போட்டு நேற்றிலிருந்து தேடுங்கள்.

இந்த மூன்றையும் சரி செய்தாலும், செய்தி வராவிட்டால் எல்லாம் நலம் என்று எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு என் மனதுக்கு ஒப்பவில்லை. அதைத் திருப்பிப் போடச் சொல்கிறேன். அடுப்பு எரியும் ராத்திரிகளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ‘48 டிகிரி, ஓடுகிறது’ என்று ஒரு சிறிய செய்தி வரட்டும். அது வரவில்லை என்றால் எழுந்து போய்ப் பாருங்கள்.

85 டிகிரி என்றால் நம்பாதீர்கள்

ஸ்டோர்களில் பெரும்பாலும் டிஎஸ்18பி20 என்ற சென்சார்தான். ஒருநாள் அதிகாலை சரியாக 85 டிகிரி என்று எச்சரிக்கை வந்து, ஒரு குடும்பமே கம்பளியோடு ஸ்டோருக்கு ஓடியது. உள்ளே 50தான் இருந்தது. அந்தச் சென்சாருக்கு மின்சாரம் கிடைத்த கணத்தில், இன்னும் அளக்காத நிலையில், அதன் நினைவில் இருக்கும் எண் 85. கம்பி தளர்ந்து ஒரு நொடி மின்சாரம் விட்டுப் பிடித்தால் அந்த எண்ணே வரும். ஆகவே சரியாக 85 வந்தால் ஒதுக்கிவிட்டு, ஒரு வினாடி விட்டு மறுபடி படியுங்கள். முழுத் துல்லியத்தில் அளக்க அதற்கு முக்கால் வினாடி வேண்டும்.

கெர்னல் தரும் கோப்பில் இரண்டு வரிகள் இருக்கும். முதல் வரி ‘யெஸ்’ என்று முடிந்தால்தான் அந்த அளவைப் பயன்படுத்தலாம், ‘நோ’ என்றால் வழியில் சிதைந்துவிட்டது. பலர் முதல் வரியைப் பார்ப்பதே இல்லை. சில சமயம் கோப்பே காலியாக வரும், அப்போது இரண்டாவது வரியை எடுக்கப்போய் ‘இண்டெக்ஸ்எரர்’ என்று ஸ்கிரிப்ட் விழும். ட்ரேஸ்பேக் உங்கள் ஸ்கிரிப்ட்டைக் காட்டும், குற்றவாளி கம்பி. 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா, ஸ்டோரின் ஈரத்தில் இணைப்பு துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

சரி செய்த பிறகு

ரீஸ்டார்ட் என்ற வரியில் ‘ஆல்வேஸ்’, ரீஸ்டார்ட்செக் 10 என்று வையுங்கள். அந்த இடைவெளியைச் சொல்லாவிட்டால் சிஸ்டம்டி பத்தில் ஒரு வினாடியில் மறுபடி தூக்கும். பத்து வினாடிக்குள் ஐந்து முறைக்கு மேல் தொடங்க வேண்டி வந்தால் ‘மிக வேகமாகத் திரும்பத் திரும்ப’ என்று சொல்லிக் கைவிட்டுவிடும், அதன்பின் தானாக எழாது. அந்த நிலையில் இருந்தால் சிஸ்டம்சிடிஎல் ரீசெட்-ஃபெயில்டு ஸ்டோர்டெம்ப் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

பிறகு, பகலில், அடுப்பு எரியாதபோது, வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். மோடத்தை அணையுங்கள். சென்சார் கம்பியைக் கழற்றுங்கள். பெட்டியின் மின்சாரத்தை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துக் கொடுங்கள். சென்சாரை வெந்நீரில் வைத்து 60 ஆக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் ஜர்னல் என்ன சொன்னது, போனுக்கு என்ன வந்தது என்று எழுதி வையுங்கள்.

கடைசியாக ஒரு தாள். சர்வீஸின் பெயர், ஸ்கிரிப்ட் இருக்கும் பாதை, ஸ்டேட்டஸ் கட்டளை, ஜர்னல் கட்டளை, ‘பிளக்கைப் பிடுங்கும் முன் இந்த இரண்டையும் தட்டித் திரையைப் போட்டோ எடுக்கவும்’ என்ற ஒரு வரி. தமிழில் ஒருமுறை, மலையாளத்தில் ஒருமுறை, ஏனென்றால் ராத்திரி அடுப்புப் பார்க்க இருப்பவர் எந்த மொழி படிப்பவர் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஈரம் படாமல் லேமினேட் செய்து பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.